பணிப்பெண்ணுக்காக வந்த கிழவி

அன்புள்ள தம்பிக்கு,

நான் விரும்பி வாசிக்கும் ஆங்கிலக் கிராமத்துக் கொலைக் கதைகளில் செத்தவருக்காக ஒருவரும் அழுவதில்லையே, அவற்றை எப்படி அக்கா வாசிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் குற்றச்சாட்டு பெரும்பாலும் சரி. நடுக்கூடத்தில் பிணம் கிடக்க, சற்று நேரத்தில் எல்லாரும் தேநீருக்கு அமர்ந்துவிடுவார்கள். அந்தத் தேயிலை எங்கள் மலையிலிருந்தும் போயிருக்கலாம் என்று நினைப்பேன். அதற்காகக் கதையோடு சண்டைபிடிப்பதில்லை. (தமிழ்வாணனின் சங்கர்லாலும் தேநீர் இல்லாமல் துப்பறிந்தவரல்லர், அவரிடம் கொழுந்தின் கணக்கை யார் கேட்டார்கள்?)

ஆனாலும், அகதா கிறிஸ்டி 1953இல் எழுதிய 'எ பொக்கெட் ஃபுல் ஒஃப் ரை' நாவலை வாசித்த பின்னர் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். பெரிய வியாபாரி ஒருவர் தம் அலுவலகத்தில் தேநீர் குடித்தவுடன் துடித்து விழுகிறார். நஞ்சு தேநீரில் இல்லை, காலையில் வீட்டில் பாணில் பூசிச் சாப்பிடும் மாமலேட் என்ற பழப்பாகில் இருந்திருக்கிறது. முதலாம் உலகப் போரின்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர் கிறிஸ்டி. நஞ்சு விஷயத்தில் அவர் விவரம் தெரிந்தவர். இதுவரை எல்லாம் வழக்கமானதுதான்.

பிறகு அந்த வீட்டுப் பணிப்பெண் கிளாடிஸ் கொல்லப்படுகிறாள். துணி காயப்போடும் கொடியருகே கிடக்கும் அவளுடைய மூக்கில் துணிக் கிளிப் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. அநாதை இல்லத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு காலத்தில் வீட்டுவேலை பழக்கியவர், கிறிஸ்டியின் கதைகளில் துப்பறியும் மூதாட்டியான மிஸ் மார்ப்பிள். செய்தியறிந்த அந்தக் கிழவி, எவரும் அழைக்காமலே புறப்பட்டு வந்து அந்தப் பெரிய வீட்டின் வாசலில் நிற்கிறார். பணக்காரரின் சாவு அவரை அங்கே கொண்டுவரவில்லை. செத்த பிள்ளையின் மூக்கில் கிளிப்பை மாட்டிய அந்த இழிவுதான் கொண்டுவந்தது.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுத் தரகரோடு கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகளை அறிந்தவளாகவே நான் அந்தப் பக்கத்தை வாசிக்கிறேன். அப்படிப் போன ஒருத்தியைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் சில நாள் அதே பேச்சாக இருக்கும். ஆனால் கூலி நாளை விட்டுவிட்டு, பஸ் காசையும் தேடிக்கொண்டு, அந்த வீட்டு வாசலுக்கே போய் என்ன நடந்தது என்று கேட்க எத்தனை பேரால் முடியும்? ஆகவே, பின்னல் நூலும் கையுமாக ஒரு கிழவி அங்கே போய் நிற்பது எனக்குச் சொகுசான கற்பனையாகத் தெரியவில்லை.

கிளாடிஸை மந்தமானவள், எதையும் நம்பிவிடுபவள் என்று கிறிஸ்டி எழுதும் இடங்கள் என்னை உறுத்துகின்றன. எசமானியின் கண் அது. ஆனால் அந்த வெகுளித்தனத்தை ஒருவர் பயன்படுத்திக்கொண்டார் என்று மிஸ் மார்ப்பிள் கொள்ளும் சினமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. நீங்கள் மெச்சும் இரத்தம் தெறிக்கும் நாவல்களில் கொலையுண்ட பெண்ணின் உடலைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார்கள். அவள் யாரிடம் வேலை செய்தாள், யாரை நம்பினாள் என்பதற்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை.

புத்தகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கொலையாளியின் பெயரை அறியும் அவசரத்தில் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டிவிடாதீர்கள். கிளாடிஸ் எழுதிய கடிதம் ஒன்று அங்கே இருக்கிறது, அதை முறைப்படி வந்து வாசியுங்கள்.

அன்புடன்,
அக்கா