மூலை நாற்காலியைப் பற்றி ஒரு மடல்

மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கும், அந்தப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் மகனுக்கு நான்கு வயது. சில மாதங்களுக்கு முன் அவனுடைய டைரியில் ஒரு குறிப்பு வந்தது: "சின்ன விஷயத்துக்கும் கத்துகிறான். கோபத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்கவும்." அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை நான் கட்டுப்படுத்தவில்லை. "ஏன்டா இப்படிக் கத்துறே?" என்று அவனிடம் கத்தினேன். அதனால் யாருக்கும் பாடம் எடுக்கும் தகுதியோடு நான் இதை எழுதவில்லை.

அப்புறம்தான் என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் கட்டைகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டியிருக்கிறான். இன்னொரு குழந்தை அதைத் தட்டிவிட்டது. இவன் கத்திக்கொண்டே அந்தக் குழந்தையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். தள்ளியது தவறுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வகுப்பின் மூலையில் 'யோசிக்கிற நாற்காலி' என்று ஒன்று இருக்கிறதாம். அதில் அவனைத் தனியே உட்காரவைத்து, செய்தது சரியா என்று யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன யோசிச்சே?" என்று கேட்டேன்.

"அந்த நாற்காலிக்குக் கால் ஆடுதுப்பா" என்றான்.

அந்த நாற்காலியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தை அடக்கி, நிதானித்து, பின்விளைவை எண்ணிப் பார்க்க உதவுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. அது முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகிவிடும். நான்கு வயதில் அது இப்போதுதான் தளிர்விட்டிருக்கிறது. போதாததற்கு, ஆத்திரம் தலைக்கேறிய நேரத்தில் நம்மைப் போன்ற பெரியவர்களுக்கே அது கைகொடுப்பதில்லை. அந்த நிமிடத்தில் 'யோசி' என்றால் குழந்தை எதைக் கொண்டு யோசிக்கும்?

குழந்தைகளின் அடத்தைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோர் சொன்னதை வைத்துச் செய்தது. நான்கில் மூன்று பங்கு அடங்கள் 5 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. கோபம் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறது. துயரம் மட்டும் கூடவே வருகிறது, கடைசியில் குழந்தை யாரிடமாவது ஆறுதல் தேடுகிறது. அதாவது, மடி தேவைப்படுகிற நேரத்தில் நம் பிள்ளைகள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டு என்று எண்ணுகிறது. அதில் அழுகைக்கு நான்கு காரணங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நாடகத்துக்கும் கவிதைக்கும் சொன்னதுதான் என்றாலும், என் மகனின் விஷயத்தில் எனக்கு இதுவே வழிகாட்டியது. கோபுரம் சரிந்தபோது அவன் அழுதது இழவுக்கு, அதாவது ஒன்றை இழந்ததற்கு. எல்லோரும் பார்க்க நாற்காலிக்கு அனுப்பிய பிறகு அழுதது இளிவுக்கு, அதாவது சிறுமைப்பட்டதற்கு. முதல் அழுகையை யாரும் தீர்க்கவில்லை, அதன் மேல் இன்னொன்றை ஏற்றிவைத்தோம். இரண்டுக்கும் சேர்த்து டைரியில் நாம் எழுதிய ஒரே சொல், கோபம்.

சொல் முக்கியம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் செய்த ஒரு சோதனை 2007இல் வெளியானது. கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்ல வைத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலாவின் வேகம் குறைந்தது. அது பெரியவர்களிடம் செய்தது, குழந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் இல்லாத ஒன்றைக் குழந்தை கையாலும் காலாலும்தான் சொல்லும் என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஏமாற்றம், பொறாமை, வெட்கம், சலிப்பு, ஏக்கம், பதற்றம் என்று இத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. குழந்தைக்கு நாம் கொடுப்பது 'சமத்து', 'அடம்' என்ற இரண்டை. ஆண் குழந்தைக்கு இன்னும் மோசம். ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்று கேட்டுக் கேட்டு வருத்தத்தின் வாசலை அடைத்துவிடுகிறோம், மிச்சம் இருப்பது கோபத்தின் வாசல் மட்டுமே. அது வழியாக எல்லாம் வெளியே வந்தால் புகார் எழுதுகிறோம்.

சுவரில் சிரித்த முகம், அழுத முகம் ஒட்டியிருப்பதை நான் பார்த்தேன். நல்லதுதான். ஆனால் மிஸ் ஒருமுறை, "எனக்கு இப்போ எரிச்சலா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று குழந்தைகள் காதில் விழச் சொன்னால், அந்த அட்டைகள் ஒரு வருடத்தில் கற்றுக்கொடுப்பதை அது கற்றுக்கொடுத்துவிடும் என்பது என் எண்ணம். மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். கத்தும்போது "மூச்சை இழுத்து விடு" என்றால் குழந்தை இன்னும் கத்தும். சோப்பு நுரைக் குமிழி ஊதுவதுபோல் மெதுவாக, நீளமாக ஊதும் விளையாட்டை எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விளையாடிப் பழக வேண்டும். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பழகிய உடம்பு தேவைப்படும் நேரத்தில் அதைத் தேடிப் போகும்.

கட்டாய 'சாரி'யைப் பற்றி ஒரு வரி. அழுதுகொண்டிருக்கும் குழந்தை சொல்லும் சாரி, வெளியே போக விடுங்கள் என்பதற்கான கடவுச்சொல், அவ்வளவுதான். அமைதியானதும் விழுந்த கோபுரத்தை இரண்டு பேரையும் சேர்ந்து கட்டச் சொன்னால் போதும்.

பள்ளியை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இருபத்தைந்து குழந்தைகளை ஒரே ஆசிரியரிடம் விட்டுவிட்டு, அழுகிற குழந்தையின் அருகில் அவர் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்று நான் கேட்டால் அது அநியாயம். மீதி இருபத்து நான்கு பேரை யார் பார்ப்பது? அந்த நாற்காலி ஆசிரியரின் கல்நெஞ்சால் வந்ததில்லை, ஆள் பற்றாக்குறையால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். வகுப்புக்கு இன்னொரு பெரியவர் வேண்டும். மேலதிகாரி கத்திக்கொண்டே இருக்கும் ஆசிரியரிடம் குழந்தைக்குக் கொடுக்க அமைதி மிச்சம் இருக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டைரிக் குறிப்பையும் கொஞ்சம் மாற்றி எழுதலாம். 'கத்துகிறான்' என்பதோடு, கத்துவதற்கு முன் என்ன நடந்தது, பசியா, தூக்கமா, எது அவனைத் தணித்தது என்று இரண்டு வரி இருந்தால் வீட்டில் எங்களால் ஏதாவது செய்ய முடியும். இப்போது வரும் குறிப்பைப் பார்த்து நாங்களும் கத்தத்தான் செய்கிறோம்.

நாற்காலியை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. சில குழந்தைகளுக்குக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி இருப்பது பிடிக்கும். அடுத்த குழந்தையை அதில் உட்காரவைக்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவரும் உட்கார இன்னொரு நாற்காலி போடுங்கள். அப்படியே, அதன் காலையும் சரிசெய்துவிடுங்கள்.

அன்புடன்,
நான்கு வயதுக்காரனின் அப்பா