சுண்ணாம்பு என்றால் எந்தச் சுண்ணாம்பு?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய செங்கல் சுவரில் சிமெண்டைப் பூசாதீர்கள், சுண்ணாம்புக் காரையே ஏற்றது என்று அதில் எழுதியிருந்தது முற்றிலும் சரி. ஆனால் எந்தச் சுண்ணாம்பு என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாததால் ஒரு சுவரை இரண்டு முறை கட்டியவள் நான்.

அல்சூரில் என் மாமனார் காலத்து வீட்டில் குடியிருக்கிறோம். சமையலறையின் வெளிச்சுவரில் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மாவாக உதிர்ந்தது. அந்தப் பகுதியைப் பிரித்துச் சுண்ணாம்பில் கட்டலாம் என்று முடிவு செய்து, பக்கத்துக் கடையில் "சுண்ணாம்பு" என்று கேட்டோம். வெள்ளையடிக்கும் தூளை மூட்டையாகக் கொடுத்தார்கள். கொத்தனார் அதையே மணலோடு கலந்து கட்டினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கொடுத்த பொருளைக் கொண்டுதானே கட்ட முடியும். அந்த ஆண்டு மழை முடிந்தபின் இடுக்குகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஈர மண்போல் வந்தது.

காரணத்தை விளக்கியவர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் வயதான மேஸ்திரி ஒருவர். பளிச்சென்று வெளுத்த சுண்ணாம்பு சுத்தமானது; ஆனால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். தடித்த சுவரின் உள்ளே காற்று எங்கே போகும்? வெள்ளையடிக்கவும் கடைசிப் பூச்சுக்கும் அது அருமையானது. கட்டுவதற்குக் களிமண் கலந்த கல்லைச் சுட்ட சுண்ணாம்பு வேண்டும். நம் ஊர்ச் சுக்கான் கல் அப்படிப்பட்டதுதான். சுட்டால் வெளுப்பாக இல்லாமல் சற்றுப் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். அந்தக் களிமண்தான் ஈரத்திலும் இறுகும் குணத்தைத் தருகிறது. இங்கிலாந்தில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டுவதற்காக ஜான் ஸ்மீட்டன் 1756 வாக்கில் சுண்ணாம்புக் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்துக் கண்டதும் இதையேதான். இந்தியத் தரநிர்ணயமும் (ஐ.எஸ். 712) கட்டடச் சுண்ணாம்பை வகை பிரித்திருக்கிறது. 'பி' வகையும் சுக்கான் சுண்ணாம்பான 'இ' வகையும் கட்டுமானக் காரைக்கு. நான் வாங்கியது வெள்ளையடிக்கும் 'சி' வகை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றையும் அந்த மேஸ்திரி காட்டினார். நீற்றிய (தண்ணீர் ஊற்றிப் பொடியாக்கிய) சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக்கி, ஆறு மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டுத் தண்ணீரில் போட வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பு சில நிமிடங்களிலேயே கரைந்து உட்கார்ந்துவிடும். ஈரத்தில் இறுகும் சுண்ணாம்பு வெடிப்பு விட்டாலும் உருண்டையாகவே நிற்கும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். இத்தனை எளிய சோதனையை முதலிலேயே ஒருவரும் சொல்லவில்லையே என்று அன்று எனக்கு அழுகையே வந்தது.

வெள்ளைச் சுண்ணாம்புதான் கிடைக்கிறது என்றால், சுர்க்கி (செங்கல் பொடி) சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் மூன்றும் சம பங்கு என்பது பழைய கணக்கு. ஆனால் சுர்க்கிக்கு இலேசாகச் சுட்ட செங்கல்லை இடிக்க வேண்டும். சூளையில் கருகிய உடைசலைப் பொடித்துப் போட்டால் அது வெறும் மணல்தான். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

எந்த வகையானாலும் சுண்ணாம்பு புதிதாக இருக்க வேண்டும். காற்றுப் பட்டுப் பல மாதம் கிடந்த மூட்டை பாதி கல்லாகவே திரும்பியிருக்கும். கட்டியாக வாங்கி, தண்ணீர் ஊற்றியதும் சீறிக் கொதிக்கிறதா என்று பார்த்து (குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து), நீறியதைச் சலித்துப் பயன்படுத்துவதே நல்லது. நீறாத துகள் தங்கிவிட்டால் பிறகு சுவருக்குள் நீறிப் பூச்சைப் பிளக்கும்.

சுக்கான் சுண்ணாம்பில் மறுபடி கட்டிய அந்தச் சுவர் இரண்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. இடுக்கில் ஆணியால் கீறினாலும் இப்போது கோடு மட்டுமே விழுகிறது.

கன்னடத்தில் காரெ, தமிழில் காரை; சொல்லே இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கும் ஊர் இது. ஆனால் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பழைய வீட்டை வைத்திருப்பவர்கள் கடையில் போய் வெறுமனே "சுண்ணாம்பு" என்றுதான் கேட்கிறார்கள். மூட்டையின் மேல் வகையும் சுட்ட தேதியும் இருக்கிறதா என்று கேட்கும்படி, சுண்ணாம்பு வகைகளையும் அவற்றின் பயன்களையும் ஒரு சிறிய அட்டவணையாக அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, அல்சூர், பெங்களூரு