யாரிடம் கேட்டார்கள் மன்னிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில், ஜப்பானின் போர்க்கால மன்னிப்புகள் பற்றிய கட்டுரையில் "இன்னும் எத்தனை முறைதான் மன்னிப்புக் கேட்பார்கள்?" என்று ஒரு வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

யாரிடம் கேட்டார்கள், ஐயா? 1995இல் பிரதமர் முராயாமா ஆசிய மக்களிடம் வருத்தம் தெரிவித்தார், மறுக்கவில்லை. 2010இல் அமெரிக்கப் போர்க் கைதிகளை டோக்கியோவுக்கே வரவழைத்து வெளியுறவு அமைச்சர் நேரில் மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன எங்கள் மலாயா ரப்பர் தோட்டத்து லய வீடுகளுக்கு யார் வந்தார்கள்?

என் தாத்தா பேராக்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 1943இல் கொண்டு போனார்கள். வாந்திபேதியில் போய்விட்டார் என்று, உயிரோடு திரும்பிய ஒருவர் வந்து சொன்னதுதான் செய்தி. எந்த முகாம், எந்த நாள், ஒன்றும் தெரியாது. திதி தெரியாததால் பாட்டி கடைசிவரை ஆடி அமாவாசையில்தான் படையல் போட்டார். இப்போது நான் போடுகிறேன். அந்தப் பாதையில் மாண்ட போர்க் கைதிகளுக்காகத் தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். ஏறத்தாழ 7,000 போர்வீரர்கள். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். புல்கூட ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. எங்கள் ஆட்களின் பெயரை அங்கே எங்கே தேடுவது?

அந்தப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின் ஒன்று இன்று டோக்கியோவில், போரில் மாண்ட ஜப்பானிய வீரர்களைப் போற்றும் யாசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நிற்கிறது. அதே ஆலயத்துக்கு 2013இல் பிரதமர் அபே போய் வணங்கினார். வருங்காலத் தலைமுறைகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிலை கூடாது என்று 2015இல் அறிக்கை விட்டவரும் அவரே. அந்த அறிக்கையில் போர்க் கைதிகள் உண்டு, தோட்டத் தொழிலாளி இல்லை.

ஜப்பானை மட்டும் சொல்வானேன்? பிரிட்டன் 2000இல், ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த தன் ஆட்களுக்குத் தலா 10,000 பவுண்டு கொடுத்தது. அவர்களின் ரப்பருக்காக உழைத்தவர்கள் நினைவுக்கு வரவில்லை. மலேசியாவுடன் செய்த 1967 உடன்படிக்கையில் ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி மதிப்புக்குக் கணக்குத் தீர்த்தது. அதில் ஒரு காசு பாட்டி கைக்கு வரவில்லை.

இதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. ஆனாலும் உங்கள் கட்டுரை, இறந்த கைதிகள் 12,000 பேர் என்பதோடு நின்றுவிட்டது. ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெயரேடு இல்லாததால்தான் இன்றும் அது மதிப்பீடாகவே இருக்கிறது. அடுத்த இதழில் அந்த எண்ணையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈப்போ