வள்ளங்களுக்கும் வேண்டும் ககன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த செயற்கைக்கோள் வழிகாட்டல் பற்றிய கட்டுரையில், ஜிபிஎஸ் பிழையைத் திருத்தித் தரும் இந்தியாவின் 'ககன்' திட்டம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. பல ஆண்டுகள் இயற்பியல் பாடம் எடுத்தவன் என்பதால், இன்னும் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை எப்போதும் உண்டு. காரில் போகிறவருக்கு அது பெரிதில்லை. மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடி இறங்கும் விமானத்துக்கு அது உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நாடு முழுக்க 15 தரை நிலையங்களை நிறுவின. ஒவ்வொரு நிலையமும் நிற்கும் இடம் துல்லியமாகத் தெரியும். ஜிபிஎஸ் அதை எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று பார்த்து, பெங்களூரு மையம் திருத்தத்தைக் கணக்கிடும். அந்தத் திருத்தம், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குப் போகும்.

அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் எல்லாம் நமக்கு முன்பே இதைச் செய்துவிட்டன. ஆனால் அவர்கள் கணக்கு நம் வானத்துக்குச் சரிப்படவில்லை. பூமியின் காந்தப் புலத்துக்கான நடுக்கோடு, அதாவது காந்த நடுக்கோடு, இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது; 1963-இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டதே அதனால்தான். காந்த நடுக்கோட்டை ஒட்டிய இங்கே, வானின் உயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் அடங்கிக் கிடப்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகு அதில் குமிழிகள் கிளம்பி சிக்னலைத் தடுமாற வைக்கும், சில நேரம் அறுத்தே விடும். மற்றவர்கள் அந்த மண்டலத்தை ஒரே மெல்லிய அடுக்காக வைத்துக் கணக்கிட்டார்கள். நம் விஞ்ஞானிகள் பொறுமையாகத் தரவு திரட்டி, பல அடுக்குகள் கொண்ட மாதிரியை உருவாக்கினார்கள். இடையில் 2010 ஏப்ரலில், ககன் கருவியைச் சுமந்த ஜிசாட்-4 செயற்கைக்கோள், ஏவிய ராக்கெட்டோடு கடலில் போனது. அடுத்த ஆண்டே ஜிசாட்-8 அந்த வேலையை ஏற்றது. 2015-இல் தரையிறங்க உதவுவதற்கான சான்றும் கிடைத்தது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இப்படிச் சான்று பெற்ற முதல் அமைப்பு இதுதான்.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு, ஒரு இந்திய விமான நிறுவனம் முதன்முதலில் ககனை நம்பித் தரையிறங்கியது 2022 ஏப்ரலில், ராஜஸ்தானின் கிஷன்கரில். ஏழு ஆண்டுகள்! 2019 முதல் பதிவாகும் விமானங்களுக்கு ககன் கட்டாயம் என்று 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. அப்புறம் அதையும் தள்ளிப்போட்டார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

இதைவிட அவசரமானது கடல். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, நாள்கணக்கில் ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகளுக்குச் சேதி சொல்ல வழியில்லை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் செல்போன் எடுக்காது. அந்தக் குறையைத் தீர்க்கவே 2019-இல் 'ஜெமினி' கருவி வந்தது. புயல், அலை எச்சரிக்கைகளை ககன் செயற்கைக்கோள் வழியாக வாங்கி, மீனவரின் செல்போனுக்கு புளூடூத்தில் தரும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. செய்தி வாங்கவும் அனுப்பவும் உதவும் இருவழி டிரான்ஸ்பாண்டர்கள் இப்போது விசைப்படகுகளில் பொருத்தப்படுகின்றன, நல்லது. வள்ளம் என்னும் சிறு படகிலும் ஃபைபர் படகிலும் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு ஜெமினி போதும், அரசு அதை இலவசமாகவே கொடுக்கலாம்.

குமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். எத்தனை படகில் இந்தக் கருவி இருக்கிறது, எச்சரிக்கை தமிழில் புரியும்படி வருகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை