சால்வை யாருக்கு மாப்பிள்ளை?

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கண் ஆபரேசன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள். டிவி பார்க்காதே என்றால் நீ கேட்கிற ஆளா? இதையாவது அவளை வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்துவிட்டது, பேரன் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் இந்த முறை ஊருக்கு உழைத்த ஒருவருக்கு விருது கொடுக்கப் போகிறோம். நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் மகளிர் குழு நடத்தும் அம்மாவைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மீதி நேரம் பூராவும் ஷீல்டு எவ்வளவு உயரம், ஃபிளெக்ஸில் யார் யார் படம், சிறப்பு விருந்தினர் யார் என்றே போனது. போன தடவை ஒரு பெரியவரை மேடைக்குக் கூப்பிட்டு, விருந்தினர் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்த கதை உனக்குத்தான் தெரியுமே.

எனக்கு நம்ம பில்லுசேரி சின்னப்பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. கொத்துக்கு, அதாவது கூட்டாக வயல் வேலைக்குப் போகும் குழுவுக்கு, ஆள் சேர்த்து, கூலி பேசி வாங்கிக் கொடுத்த மனுஷி. களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழு இயக்கத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் பெண்களைச் சேமிக்க வைத்தார். டில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் படத்தை நாமெல்லாம் பேப்பரில் பார்த்துப் பூரித்துப் போனோம். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் குடியிருக்க ஒழுங்கான வீடு இல்லை என்று அந்தம்மா வாய்விட்டுச் சொல்லி, அது செய்தியாகி, அதற்குப் பிறகுதான் 2024-ல் முதலமைச்சர் வீடு கட்டித் தர உத்தரவு போட்டார். விருதைக் குறை சொல்லவில்லை மாப்பிள்ளை. பிரதமரே வணங்கிய பெண் என்றால் எந்த ஆபீசிலும் நாற்காலி கிடைக்கும். இருந்தாலும் அவ்வளவு பேர் கைதட்டினோமே, அந்தம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டோமா?

அதனால் போன வாரம், விருதுக்குச் சொன்ன பின்தெரு அம்மாவின் குழுக் கூட்டத்துக்கே போய் உட்கார்ந்தேன். பிள்ளையார் கோயில் திண்ணையில்தான் கூட்டம். பணப்பெட்டி ஒருத்தியிடம், சாவி இன்னொருத்தியிடம். கணக்கு நோட்டை ஒரு பிளஸ் டூ பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும், எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் பெட்டியே திறக்கும். பூக்கட்டும் பெண் ஒருத்தி மகள் சடங்குக்குக் கடன் கேட்டாள். "சடங்குக்கு இவ்வளவு எதுக்குடி, பந்தலைக் கொறை" என்று நாலு பேர் பேசிப் பேசியே தொகையைப் பாதியாக்கிவிட்டார்கள். எந்த பேங்க் மேனேஜர் இப்படிப் பேசுவான் சொல்லு, உன்னையும் சேர்த்துத்தான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தெருவில் மீட்டர் வட்டிக்காரன் பைக் சத்தம் குறைந்தது இந்தப் பெட்டியால்தான்.

விருது என்றதும் அந்தம்மா சிரித்தார். "சால்வை வீட்ல நாலு கெடக்குண்ணே. பேங்க்ல லோனுக்கு நடையா நடக்குறோம், அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

நாகைப் பக்கம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் செய்ததும் இந்த வேலைதானே. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை உயிரோடு கொளுத்திய பிறகு அந்த மண்ணுக்குப் போனவர்கள் அவரும் கணவரும். நிலத்தை விற்கத் தயாராக இருந்த மிராசுதார்களிடம் விலை பேசி, பேங்க் கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரிலேயே பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். அதற்காகவே 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். 1989-ல் பத்மஸ்ரீ, 2008-ல் கணவரோடு சேர்த்து ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல் பத்மபூஷண் எல்லாம் வந்தன. ஆனால் அந்தப் பெண்களிடம் கேட்டால் கையிலிருக்கும் பத்திரத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். முப்பது வருஷம் பேங்கில் இருந்தவன் நீ. கண் தேறியதும் ஒரு வாரம் இங்கே வந்து தங்கு. குழுவின் தீர்மான நோட்டு, வரவு செலவு எல்லாம் பார்த்து லோன் மனுவைச் சரி செய்து கொடு. உன் பழைய சகாக்கள் யாராவது இந்தப் பக்கம் கிளையில் இருந்தால் கூடவே போய் ஒரு வார்த்தை சொல்லு. ஃபிளெக்ஸ் வேண்டாம், அந்தப் பணத்தில் குழுவுக்கு இரும்பு பீரோ வாங்கலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். பொருளாளர் முகம் சுருங்கிவிட்டது. அவர் படம் போட்ட டிசைன் ரெடியாகிவிட்டதாம்! நீ வந்தால் அவரைச் சமாளிக்க எனக்கும் ஒரு துணை.

தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. சொட்டு மருந்தை மறக்காதே.

உன் மச்சான்