மருந்துச் சீட்டுக்கு முன் ஒரு டேப்: கால்நடை மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கால்நடை நோயறி ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். மருத்துவமனைகளிலிருந்து வரும் தோல் சுரண்டல்களையும் காதுக் கசிவுகளையும் பால் மாதிரிகளையும் நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. மாதிரிகளோடு வரும் படிவங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரிதான் இம்மடலை எழுதவைத்தது: "ஆன்டிபயாடிக் கொடுத்தும் குணமில்லை." ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டு, வாரங்கள் கடந்து, நாய் தன் பாதங்களை நக்கி நக்கி மயிர் செம்பழுப்பாக மாறிய பிறகே பல மாதிரிகள் எங்களிடம் வந்து சேர்கின்றன. அவற்றுள் எத்தனையோ மாதிரிகளில் நாங்கள் காண்பது, முதல் நாளே உங்கள் மேசையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஈஸ்டைத்தான்.

ஈஸ்ட் ஒரு பூஞ்சை. பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கு அதனிடம் இலக்கே இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அரிப்பும் நாற்றமும் கசிவுமாக ஒரு நாய் வந்து நிற்கும்போது, காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே, கை தானாகவே பழகிய மருந்தின் பெயரை எழுதிவிடுகிறது. அந்த ஓரிரு நிமிடங்களைப் பற்றித்தான் என் வேண்டுகோள் முழுவதும்.

நாயின் விரலிடுக்கிலோ, அக்குளிலோ, கழுத்தின் அடிப்புறத்திலோ பிசுபிசுப்பாகவும் தடித்தும் கறுத்தும் இருக்கும் இடத்தில் தெளிவான ஒட்டும் டேப்பின் ஒரு துண்டைச் சிலமுறை அழுத்தி எடுங்கள். விரைவுச் சாயத் தொகுப்பில் முதலில் வரும் ஆல்கஹால் கரைசல் டேப்பின் பசையைக் கரைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, சாயங்களில் மட்டும் முக்கிக் கழுவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பாருங்கள். தோலின் உதிர்ந்த செல்களுக்கு மேல், ஊதா நிறத்தில், ஒரு முனையில் மொட்டுவிட்ட நிலக்கடலை வடிவச் செல்கள் தெரிந்தால் அது மலசீசியா என்னும் ஈஸ்ட். காதுக்கு டேப் தேவையில்லை. பஞ்சுக் குச்சியில் எடுத்த பழுப்பு மெழுகைத் தகட்டில் உருட்டிச் சாயமிட்டால் போதும். உருண்டை வடிவக் கோகஸ் பாக்டீரியாக்களைவிட இவை பல மடங்கு பெரியவை என்பதால் ஒருமுறை பார்த்துப் பழகிய கண் மறுமுறை தவறவிடாது.

ஆய்வகத்தில் இருப்பவளே இப்படிச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம்: மலசீசியாவைப் பொறுத்தவரை எங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட நீங்களே பார்ப்பது மேலானது. மலசீசியா பேக்கிடெர்மாடிஸ் நலமான நாயின் தோலிலும் காதிலும் இயல்பாகவே குடியிருக்கும் உயிரி. ஆகவே மாதிரியை ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் அது முளைத்தது என்று நாங்கள் அனுப்பும் அறிக்கை மட்டும் நோயை உறுதிசெய்யாது. புண்ணான இடத்தில் அது எந்த அளவு பெருகியிருக்கிறது என்பதைத் தகடுதான் காட்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. சில நாய்களுக்கு இந்த ஈஸ்டின் மீதே ஒவ்வாமை இருப்பதால், சொற்ப எண்ணிக்கையிலேயே கடும் அரிப்பு வரலாம். எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்கிவிடாமல், பூஞ்சைக்கான சிகிச்சைக்குத் தோல் எப்படிப் பதிலளிக்கிறது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சையில் நான் சொல்ல வேண்டியது குறைவு. 2% குளோர்ஹெக்சிடினும் 2% மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை பயன்படுத்துவதற்கு வலுவான சான்று உண்டு. ஆனால் நுரை தோலில் சுமார் 10 நிமிடம் நிற்க வேண்டும் என்பதை வளர்ப்பவரிடம் யாராவது நிறுத்திச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் உடனே நீரூற்றிக் கழுவிவிட்டு, "இந்த மருந்தும் பயனில்லை" என்று திரும்பி வருவார். படர்தாமரைக்குப் பயன்பட்ட கிரிசியோஃபுல்வின் ஈஸ்டின் மேல் வேலை செய்யாது. "பூஞ்சை" என்ற பொதுப்பெயரை நம்பி அதை எழுத வேண்டாம். வீங்கி அடைத்த காதுக்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து தேவைப்படுவதை நான் மறுக்கவில்லை, செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு. நான் அஞ்சுவது, காரணம் தேடாமல் அரிப்பை மட்டும் அடக்குவதற்காகத் தொடர்ந்து கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளையே.

ஏனெனில் ஈஸ்ட் பெரும்பாலும் தானாகப் பெருகுவதில்லை. அதற்குப் பின்னால் சூழல் ஒவ்வாமையோ (அடோப்பி), உணவு ஒவ்வாமையோ, தைராய்டு குறைவோ, கார்ட்டிசால் ஹார்மோன் மிகுதியோ, எப்போதும் ஈரம் தேங்கும் தோல் மடிப்போ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காதவரை ஷாம்பூ நிறுத்திய சில வாரங்களில் நாற்றம் திரும்பிவிடும். பூனையில் இது இன்னும் முக்கியம்: பரவலாக மலசீசியா தெரியும் வயதான பூனையின் உடலுக்குள் தைமஸ் அல்லது கணையத்தில் கட்டி இருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்பட்ட தும்மலோடு மூக்குத்தண்டு வீங்கிய பூனையில் சந்தேகப்பட வேண்டிய ஈஸ்ட் வேறு. மூக்குக் கசிவை இந்திய மையில் கலந்து பார்த்தால் கிரிப்டோகாக்கஸ் என்னும் அந்த ஈஸ்டின் தடித்த உறை ஒளிவட்டமாகத் தெரியும். அங்கே மாதக்கணக்கில் சிகிச்சை தேவை. தாமதம் உயிரைக் கேட்கும்.

கறவை மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் இம்மடலை முடிக்க இயலாது. ஆன்டிபயாடிக் கொடுக்கக் கொடுக்க மோசமாகும் மடிநோயில் சில, மருந்தைக் காம்புக்குள் செலுத்திய அந்தக் குழாயோடு உள்ளே போன ஈஸ்டால் வந்தவை. பலமுறை குத்தி எடுக்கப்படும் மருந்துக் குப்பியும், கழுவாமல் மறுபடி பயன்படும் குழாயும், துடைக்காத காம்பு நுனியும் கேண்டிடா என்னும் ஈஸ்டுக்கு வழி திறந்துவிடுகின்றன. முதல் மருந்து பலிக்காதபோது இரண்டாவது, மூன்றாவது ஆன்டிபயாடிக்குக்குத் தாவாமல், காம்பு நுனியை ஆல்கஹால் பஞ்சால் நன்கு துடைத்துத் தூய குழாயில் பால் பிடித்து அனுப்புங்கள். தோலுக்குச் சொன்னதற்கு மாறாக, இங்கே வளர்ப்புச் சோதனை இன்றியமையாதது. ஈஸ்ட் என்று உறுதியானால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி, அடிக்கடி முழுமையாகப் பால் கறந்துவிடுவதிலேயே பல மாடுகள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. கோழிகளில் நீண்ட ஆன்டிபயாடிக்குக்குப் பின் தீனிப்பையின் உட்சுவர் வெளுத்துத் தடித்துக் காணப்படுவதும் இதே கேண்டிடாவின் வேலையே.

வளர்ப்பவர்களை அச்சுறுத்தவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். நாயின் மலசீசியா நலமான மனிதருக்குத் தீங்கு செய்வது அரிது. எனினும் மருத்துவப் பணியாளர்களின் வளர்ப்பு நாய்களோடு தொடர்புடைய மலசீசியா, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் பரவியது 1998இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் நாயைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்வது, குறிப்பாகக் கைக்குழந்தையோ நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரோ இருக்கும் வீட்டில், ஒரு நிமிட வேலைதான்.

இறுதியாக, எங்களுக்கு அனுப்பும் படிவத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். எந்த ஆன்டிபயாடிக், எந்த ஸ்டீராய்டு, எத்தனை நாள் கொடுக்கப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது, மாதிரி எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, உங்கள் தகட்டில் நீங்கள் என்ன கண்டீர்கள் ஆகியவற்றைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். "தோல் நோய்" என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் மாதிரியிலிருந்து பயனுள்ள பதிலை எங்களால் தர இயலவில்லை.

மிக்க மரியாதையுடன்,
கால்நடை நோயறி ஆய்வகப் பணியாளர் ஒருவர்