கல்விக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் கல்விக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வகுப்புக்கு முன்பே படித்து வரவேண்டிய பகுதி, வகுப்பில் குழுவாகத் தீர்க்கும் கணக்குகள், வாரந்தோறும் சிறுதேர்வு என்று ஒழுங்கமைத்துக் கற்பிக்கும் முறையைக் கல்லூரிகள் முயன்று பார்க்கின்றன. அது பயன் தந்ததா என்ற கேள்விக்கு மாணவர் கருத்துப் படிவத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் மட்டும் விடையாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே பாடத்தைச் சிலர் விரிவுரையாகக் கேட்டனர். சிலர் தாங்களே கணக்குகளைத் தீர்த்துப் பயின்றனர். தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர்கள் இரண்டாம் பிரிவினர். ஆனால் குறைவாகவே கற்றதாக எண்ணியவர்களும் அவர்களே. சிந்திக்கத் தேவைப்பட்ட உழைப்பைப் புரியாமையின் அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொண்டனர் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கருத்துப் படிவத்தை மட்டும் பார்த்திருந்தால் நல்ல முறையையே கைவிட்டிருப்போம்.

தேர்ச்சி விழுக்காடும் போதாது. வினாத்தாள் பருவந்தோறும் மாறுகிறது. மனப்பாடத்தால் எழுதக்கூடிய வினாக்கள் புரிதலை அளப்பதில்லை. மாறாக, விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஒரே தேர்வைப் பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களின் முடிவுகளை இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்டு ஹேக் 1998-ல் தொகுத்தார். அடையக்கூடிய முன்னேற்றத்தில், அதாவது தொடக்கத் தேர்வில் பெறாமல் விட்ட மதிப்பெண்களில், வழக்கமான விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டையும், மாணவர் பங்கேற்ற வகுப்புகள் 48 விழுக்காட்டையும் எட்டியிருந்தன.

சராசரி மறைப்பதும் உண்டு. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பாடம் குறித்து 2014-ல் வெளியான ஆய்வில், பாடத்தின் ஒழுங்கமைப்பைக் கூட்டியபோது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தோருக்கும் மற்றோருக்கும் இடையிலிருந்த மதிப்பெண் இடைவெளி மறைந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தோரும் நிறைந்த நம் வகுப்பறைகளுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை என்றே கருதுகிறேன். ஆனால் அவர்களின் முன்னேற்றத்தைத் தனியே பார்க்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

ஆகவே, வரும் கல்வியாண்டில் ஒரு முதலாண்டுத் தாளிலேனும் முதல் வாரத்திலும் இறுதி வாரத்திலும் அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஒரே தேர்வை நடத்தி, முடிவுகளை இப்பிரிவினருக்குத் தனித்தனியே தொகுக்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பெயரளவில் மட்டும் முறை மாறிய வகுப்புகளும் கணக்கில் சேர்ந்துவிடாதிருக்க, வகுப்பில் உண்மையில் நடந்ததைச் சக ஆசிரியர் ஒருவர் அமர்ந்து பதிவு செய்யட்டும். அம்முடிவுகளை ஆசிரியரின் பதவி உயர்வோடு இணைக்காதீர்கள். இணைத்தால், தேர்வுக்கான விடைகளைச் சொல்லிக்கொடுக்கும் நெருக்கடிக்கு அவர்களைத் தள்ளுவதாகும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்